என் பெயரில் எழுதியவர்

அச்சில் என் பெயரை முதன்முதலாகப் பார்த்தது ஒரு கதைக்கு மேலே. அந்தக் கதையை நான் எழுதவில்லை. எழுதியவர் என் வீட்டுக்காரர். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நான் வாரப் பத்திரிகையைப் புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயருள்ள வேறு யாரோ ஒரு பெண் எழுதியிருக்கிறாள், அதைக் காட்டத்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன். பெயருக்குப் பக்கத்தில் கல்பாக்கம் என்று ஊரையும் போட்டிருந்தார்கள். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அவர் செங்கல்பட்டுக்காரர். எழுபதுகளின் நடுவில், கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்த சமயம், அங்கே டிராஃப்ட்ஸ்மேன் வேலை. நாங்கள் அப்போதுதான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்திருந்தோம். கதை எழுதும் பைத்தியம் அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. சொந்தப் பெயரில் அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. போதாக்குறைக்கு, சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் பத்திரிகையில் எழுதினால் மேலிடத்து அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் மெமோ வரும் என்று ஆபீசில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். உண்மையா பொய்யா என்று விசாரிக்கவும் அவருக்குப் பயம். விசாரித்தாலே, நீ எழுதுகிறாயா என்று கேட்டுவிடுவார்களாம்.

அந்த நாளில் பத்திரிகையைப் பிரித்தால் ஒரே பெண்கள் பெயராக இருக்கும். அதில் பாதிப் பேருக்கு மீசை உண்டு என்பது ஊரறிந்த விஷயம். மனைவி பெயரில் எழுதினார்கள், தங்கை பெயரில் எழுதினார்கள், கைகூடாமல் போன காதலியின் பெயரிலும் எழுதினார்கள். இவருக்கு என் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்னைக் கேட்டாரா என்றால் கேட்கவில்லை. கொடியில் தொங்கும் துண்டை எடுத்துக் கை துடைப்பதுபோல எடுத்துக்கொண்டார்.

கோபம் வந்ததா என்று கேட்டால், அன்றைக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறந்த வீட்டில் நான் பாப்பா. புகுந்த வீட்டில் மருமகப் பெண். அவருக்கு நான் 'இந்தா'. பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்குப் பெயர் வைத்தவர்களே அதை மறந்துபோயிருந்த சமயத்தில், அது கொட்டை எழுத்தில், பக்கத்தில் ஒரு பூப் படத்தோடு வந்திருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்தப் பக்கத்தைத் தனியாகக் கிழித்துச் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த கதைகள் வந்த பிறகுதான் தொந்தரவு தொடங்கியது. டவுன்ஷிப் பெண்கள் என்னை நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, பால் வாங்கப் போகும்போது, எப்படி அந்த மாமியாரை அப்படியே பிடித்தீர்கள் என்பார்கள். எந்த மாமியார்? அந்த வாரக் கதையை நான் படித்திருக்கவே மாட்டேன். மாதர் சங்கத்தில் கூப்பிட்டு, சமையலுக்கு நடுவில் உங்களுக்கு எப்படிக் கற்பனை வருகிறது என்று கேட்டார்கள். குழம்பு கொதிக்கும்போது வரும் என்று ஏதோ உளறினேன். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால், பிரமாதம், அதை அடுத்த கதையில் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் அழுவார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், கிணற்றடியில் அழுவார்கள், கடைசி வரியில் கட்டாயம் ஒரு துளி உருண்டு விழும். நான் அழுகிற ஜாதி இல்லை. எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் உருளும். ஆனால் அந்த அழுகையெல்லாம் என் பெயரில்தான் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் உட்கார முடியாது, வகுப்பில் நின்றால் நிற்க முடியாது. யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதுபோல ஒரு எரிச்சல் உள்ளங்காலிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தது.

நான் வேலை பார்த்தது கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலோரக் குப்பம் ஒன்றில். ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிக்கூடம். காலையில் நான் ஏறும் பஸ்ஸின் பலகையில் மகாபலிபுரம் என்று எழுதியிருக்கும், கண்டக்டர் மாபலிபுரம் என்று கத்துவார், பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் மாமல்லபுரம் என்று இருக்கும். நான் நடுவழியில் இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் நடந்து போவேன். பிள்ளைகள் பாதிப் பேர் கரையில்தான் இருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலிருந்து கிளம்பினால் போதும் என்றிருக்கும்.

அங்கே மீன்காரி ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். அவளுடைய இரண்டு பெண்கள் என்னிடம் படித்தார்கள். கட்டுமரம் கரைக்கு வந்ததும் மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் போட்டு, டவுன்ஷிப்புக்குக் கொண்டுவந்து வீடு வீடாக விற்பாள். என் வீட்டு வாசலில் கடைசியாக வந்து உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, ஊர்க் கதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவாள். அவள் பேசினால் எனக்கு நேரம் போவது தெரியாது.

ஒருநாள் கண்டக்டர் ஒருவர், மீன் நாற்றம் என்று சொல்லி அவள் கூடையை ஏற்றமாட்டேன் என்றிருக்கிறார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? நேராக பஸ்ஸுக்கு முன்னால் போய், நடுரோட்டில் கூடையை இறக்கிவைத்து, அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். பஸ் அசையவில்லை. உள்ளே ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் கத்துகிறார்கள். இவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் டிரைவரே இறங்கி வந்து கூடையைத் தூக்கி மேலே வைத்தாராம். இதை அவள் சொல்லக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்று சாப்பாட்டு வேளையில் அவரிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

அது கதையாக வந்தது. கதையில் அந்த மீன்காரி பஸ்ஸை மறிக்கவில்லை. கண்டக்டர் திட்டியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு, கொதிக்கும் தார் ரோட்டில், அழுதுகொண்டே நடந்து போனாள். கடைசி வரியில் ஒரு துளி மீன் மேல் விழுந்தது. டவுன்ஷிப்பில் அந்தக் கதைக்குக் கிடைத்த வரவேற்பைக் கேட்கவே வேண்டாம். எதிர்வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கதை முழுக்க அந்தக் குப்பத்து ஜனங்களை அவர் ஒரு பெயர் சொல்லி எழுதியிருந்தார். அது கெட்ட வார்த்தை அல்ல. செங்கல்பட்டுப் பக்கம் ஏரியில் வலை போடுகிறவர்களின் பெயர் அது, அவர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். ஏரிக்கரையில் வளர்ந்தவர் இவர். மீன் பிடிக்கிறவர்கள் என்றால் எல்லாரும் ஒன்று, எல்லாருக்கும் அதுதான் பெயர் என்று அவர் பாட்டுக்கு எழுதிவிட்டார். கடற்கரைக்காரர்களிடம் போய் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பட்டினவர். தலைமுறை தலைமுறையாகத் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறவர்கள். இன்னொருவர் பெயரைத் தூக்கித் தங்கள் தலையில் வைத்தால் பொறுக்கமாட்டார்கள். ஏரிக்காரர்களின் பெயரை நான் இங்கேயும் எழுதவில்லை. மறுபடியும் யாராவது பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள்.

கதை வந்த வாரம் ஒரு காலையில் நான் போனபோது பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. கரையில் தேடினேன், அங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள் என்று புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த மீன்காரி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. டீக்கடையில் பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படித்தார்களாம். சவுக்குத் தோப்பு, பள்ளிக்கூடம், கங்கையம்மன் கோயில் என்று அடையாளம் எல்லாம் இருந்ததாம். மேலே டீச்சர் பெயர் இருந்ததாம்.

"நா அழுதுகினு போனேன்னு எழுதிகிறியாமே, அது கெடக்கட்டும்," என்றாள். "கதன்னா அழத்தான் வெப்பாங்க. எங்க பேர எதுக்கு மாத்தன? அதச் சொல்லு."

உள்ளதைச் சொல்லிவிட்டேன். அதை நான் எழுதவில்லை, எங்கள் வீட்டுக்காரர் எழுதி என் பெயரைப் போட்டுக்கொள்கிறார் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அருவருப்பை நான் பார்த்ததே இல்லை.

"எந்த ஆம்பளயாவுது பொம்பள பேர வெச்சிக்குவானா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு கீது டீச்சரு."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே சொல்லும்போது அது பச்சைப் பொய்யாகத்தான் கேட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் விசாரிக்கப்போகிறார்கள் என்றும், பொம்பளைகள் பஞ்சாயத்தில் நிற்கிற வழக்கம் இல்லை, அதனால் வீட்டுக்காரரை அனுப்பு, உனக்காக அவர் வந்து பதில் சொல்லட்டும் என்றும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்றைக்கு அவள் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனபோது மீன் வேண்டுமா என்று குரல்கூடக் கொடுக்கவில்லை. அழுதுவிடுவேன் போல் இருந்தது. கதையில் அழுத பெண்களையெல்லாம் நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். பஞ்சாயத்தில் எழுதியவரையேதான் கூப்பிடுகிறார்கள், தெய்வமாகப் பார்த்து வழிவிட்டிருக்கிறது, போய் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லிவிட்டு வாருங்கள், பெயர் தெரியாமல் எழுதிவிட்டேன் என்றால் விட்டுவிடுவார்கள் என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகம் கழுவினார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் எதுக்கு? என் பேரா போட்டிருக்கு?"

அப்புறம் அவரே விளக்கினார். அவர் போய் நின்றால் விஷயம் வெளியே வரும், ஆபீசுக்குப் போகும், மெமோ வரும். கிராமத்து ஜனங்கள், இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். தவிர, அது கதைதானே, நிஜமா என்ன? நான் பாத்திரத்தை உருட்டினேன். அவர் பேனாவையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

நான்தான் போனேன். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் அன்று மரம் எதுவும் இறங்கவில்லை, ஆண்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். கங்கையம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். நடுவயது, கையில் பீடி. நான் தனியாக வருவதைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. வீட்டுக்காரர் வரவில்லையா என்றார். வேலை என்றேன். பொம்பளையை நிறுத்திக் கேட்பதா என்று ஒருவர் முணுமுணுத்தார். இன்னொருவர், பெயர் அந்தம்மாவுடையதுதானே, அந்தம்மாதான் பதில் சொல்லவேண்டும் என்றார். கொஞ்ச நேரம் அதிலேயே வாக்குவாதம் நடந்தது. பெண்கள் தள்ளி, வலை உலர்த்தும் இடத்தில் கூட்டமாக நின்றார்கள். அவளும் நின்றாள். நான் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்தேன். மணல் சுட்டது.

நாட்டார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அவங்க பேரு அவங்களுக்கு ஒசத்தி, எங்க பேரு எங்களுக்கு ஒசத்தி. நாங்க பட்டினவங்க டீச்சரு. எங்க கொழந்தைங்களுக்குப் பேரு எழுத கத்துக்குடுக்கறவ நீ. உன் பேர ஒருத்தன் இஷ்டத்துக்கு எடுத்து ஆண்டா நீ சும்மா இருப்பியா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது. இத்தனை நாளாகப் பஸ்ஸிலும் வகுப்பிலும் என்னை உட்காரவிடாமல் பண்ணிய எரிச்சல் என்ன என்று அந்த மணலில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. இருக்கமாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். யாருக்காகக் கேட்கிறோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

மன்னிப்பு போதாது என்றார்கள். எந்தப் புத்தகத்தில் தப்பாக வந்ததோ அதே புத்தகத்தில் சரியாக வரவேண்டும். பட்டினவர் என்று அச்சில் பார்க்கும் வரைக்கும் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார் நாட்டார். பிள்ளைகள் வராவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் என்னை எங்கேயாவது கடல் இல்லாத ஊரில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் கடற்கரையை விட்டுப்போவதை என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொடுக்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. அவரிடம், பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், பெயர் தவறு என்று போடட்டும் என்றேன். கதைக்குத் திருத்தமா என்று சிரித்தார். அப்படிப் போட்டால் இந்த எழுத்தாளருக்கு விவரம் தெரியாது என்று வாசகர்கள் நினைப்பார்களாம், இத்தனை பாடுபட்டுச் சம்பாதித்த பெயர் கெட்டுவிடுமாம். யாருடைய பெயர் என்று கேட்டேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நானே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். கதைகளுக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் இல்லை என்று பத்திரிகையிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது.

நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பூட்டைத் திறந்தேன், மணி அடித்தேன், காலிப் பலகைகளுக்கு எதிரே உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். தூரத்தில் பிள்ளைகள் மணலில் ஓடுவது தெரியும். என்னைப் பார்த்தால் அதுகளும் தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்படி நடந்துகொண்டிருந்த ஒருநாள்தான், கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்த காகிதத்தை எடுத்து, நானே எழுதினால் என்ன என்று உட்கார்ந்தேன்.

மீன்காரி பஸ்ஸை மறித்ததை எழுதினேன். நடந்தது நடந்தபடி. அவள் கால் நீட்டி உட்கார்ந்தது, வெற்றிலை போட்டது, டிரைவர் கூடையைத் தூக்கி வைத்தது. யாரும் அழவில்லை. எங்கெல்லாம் அந்த ஜனங்களைச் சொல்லவேண்டுமோ அங்கெல்லாம் பட்டினவர் என்று எழுதினேன். அடித்து அடித்து எழுதி, கை கடுத்து, முடித்தபோது எனக்குப் பசி தாங்கவில்லை. அப்படி ஒரு பசி எனக்கு வந்ததே இல்லை. மேலே என் பெயரை எழுதினேன். அவரிடம் சொல்லாமல் சதுரங்கப்பட்டினம் தபாலாபீசில் போய்ப் போட்டேன்.

திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு. தங்கள் வழக்கமான நடை இதில் இல்லை, தங்கள் பெயரைப் பயன்படுத்தி வேறு யாரோ அனுப்பியதாகச் சந்தேகப்படுகிறோம், கவனமாக இருக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது கத்த ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்தார். கரப்பான்பாச்சை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த நாள் காலையில் அவர் ஆபீஸ் பஸ்ஸில் ஏறியதும், நான் புடவையை மாற்றிக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினேன். தனியாக மெட்ராஸ் போனதில்லை. போகிற வழியெல்லாம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பத்திரிகை ஆபீசைக் கண்டுபிடித்து, மாடிப்படி ஏறி, ஆசிரியர் அறைக்கு முன்னால் என் பெயரைச் சொன்னதும் அங்கே ஒரு பரபரப்பு. உள்ளே இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். மெலிந்த மனிதர், காது வரை சிரிப்பு. வாங்கம்மா, வாங்கம்மா, எங்க வாசகிகளுக்கெல்லாம் நீங்க செல்லமாச்சே என்றார். காபி வரவழைத்தார்.

நான் காபியைத் தொடவில்லை. திரும்பி வந்த காகிதத்தை மேஜையில் வைத்தேன். இதுதான் நான் எழுதியது, இதுவரை வந்ததெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் எழுதியது என்றேன். சொல்லிவிட்டு, வானம் இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் அசையவே இல்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் சின்னதானது.

அதனால் ஒன்றுமில்லை என்றார். இங்கே எழுதும் பெண்களில் எத்தனை பேர் பெண்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாதாம். காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். வெற்றிலை போடும் இடத்தில் தோள் குலுங்கியது. நன்றாக இருக்கிறது, போடலாம் என்றார். பட்டினவர் என்றால் வாசகர்களுக்குப் புரியாது, மீனவர் என்று மாற்றிவிடலாமா என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையைத் தொட்டால் கதையே வேண்டாம், கொடுத்துவிடுங்கள் என்று கையை நீட்டினேன். சரி சரி, தொடவில்லை என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிள்ளைகள் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பேனாவைத் திறந்தார்.

"ஆனா இதை உங்க பேர்ல போட முடியாதும்மா. அந்தப் பேருக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. அவங்க இதை எதிர்பார்க்க மாட்டாங்க, ஏமாந்துடுவாங்க. நீங்க வேற ஒரு பேர் வெச்சுக்குங்களேன்."

அது என் அப்பா அம்மா எனக்கு வைத்த பெயர் என்றேன். அது சரிதான் என்றார். ரொம்பவும் அன்பாகத்தான் சொன்னார். பூ பெயர், நதி பெயர், ராகத்தின் பெயர் என்று எனக்காக யோசிக்கவும் தொடங்கினார். எந்தப் பெயர் சொன்னாலும் அது ஏதோ ஒரு மீசைக்காரருடையதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் பெயர் இனி எனக்குக் கிடைக்காது. அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, நான் இல்லாமலே ஓடும். யாரும் எடுக்காமல், அச்சு மையே படாமல், சும்மா கிடக்கிற பெயர் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வேன். ரேஷன் கடையில் கார்டைக் காட்டுவேன். சாமி பெயர்தான் அது, கோயிலில் அர்ச்சனை செய்யும்போதுகூட அந்த இடம் வந்தால் உதட்டை மூடிக்கொள்வேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, என் வீட்டுக்காரரின் பெயரை முழுசாகச் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். நல்ல பெயர்தான், ஆனால் நிறையப் பேர் இருப்பார்களே என்றார். இனிஷியல் போட்டால்தான் யார் என்று தெரியும், போடட்டுமா என்று கேட்டார்.

இரண்டு இனிஷியலையும் சொல்லி, கல்பாக்கம் என்று ஊரையும் போடச் சொன்னேன்.